மறு: கார் கதவுக் கண்ணாடி பீடிங்குக்குத் தமிழ்ல என்ன சொல்லலாம்?

> ‘சாளர வெளிப்புற அலங்காரப் பட்டி’ன்னு போட்டா சரியா வருமா?

வணக்கம் அண்ணே,

அலங்காரம்ங்கிற சொல் இதுக்கு வேண்டாம்ணே. போன ஞாயித்துக்கிழமை காரைக்குடி வீட்டு முகப்புக்கு முன்னாடி வண்டிய நிறுத்தி இந்த வேலையத்தான் பார்த்தேன். டிரைவர் பக்கத்துக் கதவுல கண்ணாடி உள்ள இறங்குற எடத்துல நீளமா ஓடுதுல்ல கறுப்பு ரப்பர் பட்டை, அது பின்முனையில தூக்கிக்கிட்டு நின்னுச்சு, தேவகோட்டை ரோட்டுல கொஞ்சம் வேகமெடுத்தாலே படபடன்னு அடிக்கும். மெக்கானிக் அதை பீடிங்ம்பாரு, கதவைச் சுத்தி இருக்கிற ரப்பரும் அவருக்கு பீடிங்தான், ஆசாரியக் கேட்டா ஜன்னல் கண்ணாடி விழாம அடிக்கிற மரச்சட்டத்தையும் பீடிங்ம்பாரு, அப்ப எதைச் சொல்றோம்னு எப்படித் தெரியும்?

கழட்டுனப்பதான் அதோட வேலை என்னன்னு புரிஞ்சுச்சு. கண்ணாடிய முழுசா இறக்கிட்டு, பெயிண்ட் கீறாம கதவு ஓரத்துல மாஸ்கிங் டேப் ஒட்டி, பிளாஸ்டிக் நெம்பிய வச்சு மெதுவா மேல தூக்குனா வந்துரும் (சில வண்டியில முனையில ஒரு ஸ்க்ரூ இருக்கும், அதைக் கழட்டாம இழுத்தா பட்டை வளைஞ்சுரும், பாத்துக்கங்க). உள்பக்கம் கண்ணாடியத் தொட்டுக்கிட்டு மெல்லிசா ஒரு ரப்பர் உதடு, அதுமேல வெல்வெட் மாதிரி பூம்பஞ்சு. கண்ணாடி இறங்கும்போது அதுல இருக்கிற தண்ணியையும் நம்ம ஊரு செம்மண் புழுதியையும் வழிச்சு வெளியவே நிறுத்துறது அந்த உதடுதான். முழுசா அடைக்காது, கொஞ்சம் தண்ணி உள்ள போகத்தான் செய்யும், அதுக்குத்தான் கதவுக்கு அடியில வடிகால் ஓட்டை விட்டிருக்காக. ஆனா வெயில்ல காஞ்சு உதடு வெரைச்சுப்போச்சுன்னா மண்ணு அதுல மாட்டிக்கிட்டு, ஏத்தி இறக்குறப்பல்லாம் கண்ணாடியில நெடுகக் கோடு போட்டுரும்.

எனக்கு உதடு நல்லாத்தான் இருந்துச்சு, ரெண்டு கிளிப்புதான் உடைஞ்சிருந்துச்சு, மாத்தி மேலருந்து அமுக்குனதும் டக்குன்னு உக்காந்துருச்சு. மேல ஓடுற குரோம் தகடு தனியாப் பிரிஞ்சதுக்கு மட்டும் டபுள் சைடு டேப். பழைய பசைய எடுத்துட்டு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்ல துடைச்சு, காஞ்சப்புறம் ஒட்டி நல்லா அழுத்தணும், அந்த அக்ரிலிக் டேப்பு முழுப் பிடி பிடிக்க 72 மணி நேரம் ஆகும், அதுவரைக்கும் தண்ணி ஊத்திக் கழுவாதீங்க. சூப்பர் குளூ வேண்டவே வேண்டாம், காஞ்சா வெரைச்சு உடையும், சுத்தி வெள்ளையாப் பூத்துரும்.

இப்ப சொல்லுக்கு வாரேன். முதல்ல ‘கண்ணாடிக் கரை’ன்னுதான் நெனச்சேன். 2019-ல புவிசார் குறியீடு வாங்குன நம்ம கண்டாங்கிச் சேலைக்குக் கரை எவ்வளவு அழகு, ‘கரை பிரிஞ்சிருச்சு’ன்னா யாருக்கும் புரியும். ஆனா வாயில சொல்லிப் பாருங்க, ‘கண்ணாடிக் கறை’ன்னு காதுல விழுது, அழுக்குன்னு நெனச்சுத் துணிய எடுத்துட்டு வந்துருவாங்க. விட்டுட்டேன்.

எங்க அப்பத்தா ஆட்டுக்கல்லுல மாவு வழிக்கிறதப் பார்த்தே வளந்தவன் நான், குழவியில ஒட்டுன மாவ விரல மடக்கி ஒரே இழுப்பா வழிப்பாக, ஒரு பொட்டு மிச்சம் இருக்காது. இந்த உதடு கண்ணாடிக்குச் செய்யிறது அந்த வேலையத்தான். அதனால என் பரிந்துரை ‘வழிப்பான்’. அழிப்பான், துடைப்பான்னு ஏற்கெனவே பழகுன வார்ப்புதான். வைப்பருக்குத் துடைப்பான் இருக்கிறதால ரெண்டும் மோதாது.

கண்ணாடி ரெண்டு பக்கமும் ஓடுற பள்ளத்துக்குப் புதுசா எதுவும் வேண்டாம். ஆசாரிமார் மரத்துல பள்ளம் எடுத்தா ‘காடி எடுக்குறது’ம்பாக, ‘கண்ணாடிக் காடி’ன்னா போதும். குரோம் தகடு குரோம் பட்டையாவே இருக்கட்டும்.

> ‘வழிபட்டை’ன்னா இன்னும் தெளிவா இருக்காதா தம்பி? பட்டைங்கிறப்ப உருவமும் தெரியுதே. அப்புறம் உள்பக்கமும் ஒண்ணு இருக்கு, அதுக்கு?

நல்லாத்தான் இருக்குண்ணே, ஆனா வினைத்தொகையில வல்லினம் மிகாது, ‘வழிபட்டை’ன்னு எழுதுனா கோயில் வழிபாடு ஞாபகம் வருது, ‘ப்’ போட்டா பாதைன்னு ஆயிருது. வழிப்பான்ல அந்தச் சிக்கல் இல்ல. உள்பக்கத்துக்கு உள் வழிப்பான், இதுக்கு வெளி வழிப்பான். நேத்து மெக்கானிக்கிட்ட ‘வெளி வழிப்பான் கிளிப்பு ரெண்டு இன்னும் வேணும்’னு சொல்லிப் பார்த்தேன், ‘கண்ணாடியில தண்ணி வழிக்குமே, அதுக்கா?’ன்னு கேட்டுட்டு எடுத்துக் குடுத்தாரு. விக்சனரியில (யாரும் சொல் சேர்க்கக்கூடிய இணைய அகராதி) ஏத்துறதுக்கு முன்னாடி கோயமுத்தூர், நாகர்கோயில் பக்கம் உள்ளவங்க உங்க ஊர்ல ‘வழிக்கிறது’ இதே பொருள்லதான் வருதான்னு மட்டும் சொல்லுங்க.