கன்ட்ரோல் லைன் விமானத்தின் சுக்கானை ஜைரோவிடம் ஒப்படைக்கலாமா?

இருகம்பி: கம்பிகளில் பிடித்து என்னைச் சுற்றி வட்டமாகப் பறக்கவிடும் மாதிரி விமானம் என்னுடையது. வானில் சதுர வளையம் போடும்போது, அதன் மூலைகளில் விமானத்தின் மூக்கு பக்கவாட்டில் ஆடுகிறது. காரணம் ப்ரொப்பெல்லர்தான். பின்னாலிருந்து பார்க்கும்போது அது வலஞ்சுழியாகச் சுற்றுவதால், மூக்கை மேலே தூக்கினால் வட்டத்துக்கு வெளியே திரும்புகிறது. கீழே அழுத்தினால் உள்ளே திரும்பிக் கம்பி தளர்கிறது. திரும்பும் வேகத்தை உணரும் ஒரு ஜைரோவும், அது சொல்லும்படி அசையும் 9 கிராம் செர்வோ மோட்டாரும் பொருத்தி, மூக்கைப் பக்கவாட்டில் திருப்பும் வால் சுக்கானை அசைத்தால் தீருமே?

பெல்கிராங்க்: வேண்டாம். இதே சிக்கலுக்காகத்தான் கன்ட்ரோல் லைன் சாகச விமானங்களை வடிவமைத்த ஆல் ரேப், மூக்கை மேலும் கீழும் திருப்பும் வால் மடலான எலிவேட்டரோடு சுக்கானை இணைத்தார். ஒரு மெல்லிய கம்பி போதும். பேட்டரி தீர்ந்தாலும் அது வேலை செய்யும்.

இருகம்பி: ஐயா, அந்த இணைப்பு எலிவேட்டரின் கோணத்தைத்தான் பின்தொடர்கிறது. மூக்கைத் திருப்பும் விசையோ, விமானம் எவ்வளவு வேகமாக மேலோ கீழோ திரும்புகிறது என்பதைப் பொறுத்தது. காற்று பலமாக வீசும் நாளில் இரண்டும் ஒன்றாக இருப்பதில்லை. ஜைரோ அந்த வேகத்தையே நேரடியாக அளக்கிறது.

வால்பகுதி: எந்த அச்சில் என்பதைச் சொல்லுங்கள்! பக்கவாட்டு அச்சில், திசையைப் பூட்டும் முறையில் வைத்தால் விபரீதம். சுற்றுக்கு 5 வினாடி என்றால் விமானம் வினாடிக்கு 72 டிகிரி இடப்பக்கம் திரும்பிக்கொண்டே இருக்கிறது. ஜைரோ அதைத் தவறென்று எண்ணிச் சுக்கானைக் கடைசிவரை வெளியே தள்ளும்.

இருகம்பி: மேல்கீழ் அச்சில்தான், நண்பரே. சில டிகிரிகளுக்கு மேல் அசையவும் விட மாட்டேன்.

பெல்கிராங்க்: கணக்கு சரி, பயம் வேறு. என் விமானம் ஒன்றில் செர்வோ கையின் திருகு கழன்று, தலைக்கு மேலே பறக்கும்போது சுக்கான் உட்பக்கம் சாய்ந்தது. கம்பிகள் துணி காயப்போடும் கொடிபோலத் தொய்ந்தன. பின்னோக்கி ஓடினேன், கைப்பிடியில் எந்த இழுவையும் இல்லை. இரண்டு மாத உழைப்பு மண்ணில் போனது. எலிவேட்டர் என் விரலில் இருந்தும் பயனில்லை.

வால்பகுதி: சுக்கான் நடுநிலையைத் தாண்டி உள்ளே போகாதபடி கீலருகே ஒரு மரத் தடையை ஒட்டிவிட்டால்? எது கழன்றாலும் உட்பக்கம் சாயாது.

பெல்கிராங்க்: அந்தத் தடை இருந்தால் எதிர்க்க மாட்டேன். ஆனால் ஜைரோவுக்குக் கம்பியின் இழுவை தெரியாது. வெளி இறக்கை நுனியின் எடையையும், கம்பிகள் இறக்கையிலிருந்து வெளிவரும் இடத்தையும் முதலில் சரிசெய்யுங்கள். இலகுவான ப்ரொப்பெல்லர் ஒன்றையும் போட்டுப் பாருங்கள். பாதி ஆட்டம் அதிலேயே அடங்கும்.

இருகம்பி: ப்ரொப்பெல்லரை நாளையே மாற்றுகிறேன். மீதி ஆட்டத்துக்கு ஜைரோ, தடையோடு.