ஒப்பந்தப்புள்ளியில் வெறும் உறுதிமொழிக் கடிதம் போதுமா? ஒரு சிறு நிறுவனத்தின் கேள்வி

கேள்வி: மஞ்சக்குப்பம், கடலூர்

வணக்கம். தூய்மைப் பணிக்கு ஆள் அமர்த்தித் தரும் சிறு நிறுவனம் ஒன்றைக் கடலூரில் நடத்தி வருகிறேன். எங்களிடம் இப்போது 38 பேர் வேலை பார்க்கிறார்கள். அவர்களில் இரண்டு பெண்களுக்குக் காது கேளாது. மேற்பார்வையாளர் ஒருவருக்கு இளம்பிள்ளைவாதத்தால் இடது கால் பாதிக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பெண்களுக்காக நாங்கள் செய்த ஏற்பாடு பெரிய செலவு பிடித்ததல்ல. கீழேயிருந்து குரல் கொடுத்து ஆளை அழைக்கும் வழக்கத்தை நிறுத்திவிட்டு, எந்தத் தளத்தில் யாருக்கு என்ன வேலை என்பதைக் காலையில் ஒரு கரும்பலகையில் எழுதி வைக்கத் தொடங்கினோம். கழிப்பறைக்குச் சிவப்பு வாளி, கூடத்துக்கு நீல வாளி என்று பிரித்துக் கொடுத்தோம். இப்போது காது நன்றாகக் கேட்பவர்களும் பலகையைப் பார்த்த பிறகுதான் துடைப்பத்தை எடுக்கிறார்கள்.

புதுச்சேரியில் ஓர் அரசு வளாகத்தின் பராமரிப்புக்கு வந்துள்ள ஒப்பந்தப்புள்ளியில், மாற்றுத்திறனாளிகளுக்கும் நலிந்த பிரிவினருக்கும் வேலை கொடுப்பதாக ஏலதாரர் உறுதிமொழிக் கடிதம் தர வேண்டும் என்று ஒரு நிபந்தனை இருக்கிறது. அதற்கு மதிப்பெண்ணும் இல்லை, சரிபார்ப்பும் இல்லை. கடைசியில் எவர் விலை குறைவோ அவருக்கே வேலை. ஒருவரைக்கூட வேலைக்கு வைக்காதவரும் இதே கடிதத்தைக் கையெழுத்திட்டுத் தரலாம். ஒப்பந்தப்புள்ளிக்கு முந்தைய கூட்டம் அடுத்த வாரம் நடக்கிறது. அங்கே சட்டப்படி எதைக் கேட்கலாம், எதைக் கேட்டால் எடுபடாது என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1: லாஸ்பேட்டை

கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் விதியிலிருந்தே தொடங்குகிறேன். புதுச்சேரி அரசுத் துறைகள் 2017-ஆம் ஆண்டின் பொது நிதி விதிகளைப் பின்பற்றுகின்றன. உங்கள் கடலூர்ப் பக்கம் 1998-ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம். இரண்டு இடத்திலும் மதிப்பீட்டு அளவுகோலை முன்கூட்டியே ஆவணத்தில் சொல்லியிருக்க வேண்டும், விலை உறையைத் திறந்த பிறகு புதிதாக ஒன்றைச் சேர்க்க முடியாது. ஆகவே உங்களுக்கு இருக்கும் ஒரே வாசல் அந்த முந்தைய கூட்டம்தான். வாய்மொழியாகச் சொன்னால் நடவடிக்கைக் குறிப்பில் ஏறாமல் போகலாம்; எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.

மதிப்பெண் கேட்கலாமா என்றால், கேட்கலாம், ஆனால் நான் அதை முதலில் வைக்கமாட்டேன். தரத்தையும் விலையையும் சேர்த்து மதிப்பிடும் முறையை, உரிய அதிகாரி அறிவிக்கும் நிலையில், இத்தகைய சேவைகளுக்கும் பயன்படுத்த மத்திய நிதி அமைச்சகம் 2021 அக்டோபரில் வழிவிட்டது. தரத்துக்கான பங்கு 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. பிரிட்டனில் கொள்முதலில் சமூகப் பயனையும் பார்க்க 2012-இலேயே ஒரு சட்டம் வந்து, 2021 முதல் மைய அரசின் ஒப்பந்தங்களில் அதற்குக் குறைந்தது 10 விழுக்காடு மதிப்பெண் தருகிறார்கள். ஆனால் வெளியாகிவிட்ட ஓர் ஒப்பந்தப்புள்ளியின் மதிப்பீட்டு முறையையே மாற்ற எந்த அலுவலரும் துணியமாட்டார்.

அதைவிட எளிய வழி ஒன்று இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், பிரிவு 21-இன்படி, ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை அறிவிக்க வேண்டும். பிரிவு 22-இன்படி, தன்னிடம் வேலை பார்க்கும் மாற்றுத்திறனாளிகளைப் பற்றியும் அவர்களுக்குச் செய்து கொடுத்த வசதிகளைப் பற்றியும் பதிவேடு வைத்திருக்க வேண்டும். 20 பேரோ அதற்கு மேலோ வைத்திருக்கும் தனியார் நிறுவனங்களின் கொள்கையில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதை அந்தச் சட்டத்தின் 2017 விதிகள் விரிவாகச் சொல்கின்றன. உறுதிமொழிக் கடிதத்துக்குப் பதிலாக இந்த இரண்டின் நகலையும் கேளுங்கள் என்று எழுதிக் கொடுங்கள். இது புதுச் சலுகை அல்ல, ஏற்கெனவே கடமையாக இருப்பதற்கான சான்று. மறுப்பதற்குக் காரணம் தேடுவது கடினம்.

பதில் 2: முதலியார்பேட்டை

ஐயா சொன்னது சரி, ஆனால் தாள்கள் உறையோடு நின்றுவிடும். நான் ஊன்றுகோல் வைத்து நடப்பவள். ஓர் அலுவலகத்தில் ஒப்பந்த நிறுவனத்தின் வழியாக வருகைப் பதிவேடு எழுதும் வேலையில் இருக்கிறேன். என் மேசை தரைத்தளத்தில். விரல் ரேகை வைக்கும் கருவி மட்டும் முதல் மாடியில். காலையில் 22 படி ஏறி ரேகை வைத்து, இறங்கி, மாலையில் மறுபடியும் ஏற வேண்டும். கருவியைக் கீழே மாட்டச் சொன்னால் ஒப்பந்ததாரர் அலுவலகத்தைக் காட்டுகிறார், அலுவலகம் ஒப்பந்ததாரரைக் காட்டுகிறது. இந்தச் செலவு யாருடையது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்திருந்தால் எட்டு மாதம் அலைந்திருக்கமாட்டேன்.

அடுத்து, ஒப்பந்தம் முடிந்து புதியவர் வரும்போது பழைய ஆட்களில் பெரும்பாலோரை அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். எங்களைப் போன்றவர்களிடம்தான் "இவர் என்ன வேலை செய்வார்" என்ற கேள்வி வருகிறது. சென்ற முறை எனக்கு 3 மாதம் வேலை இல்லை. தயவுசெய்து இதையும் கூட்டத்தில் எழுப்புங்கள்.

பதில் 3: நெய்வேலி

மத்தியப் பொதுத்துறை நிறுவனங்களுக்குச் சேவை வழங்கும் அனுபவத்தில் ஒன்றைத் தெளிவுபடுத்துகிறேன், ஏனெனில் பலரும் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். 2012-ஆம் ஆண்டின் கொள்முதல் கொள்கைப்படி ஆண்டுக் கொள்முதலில் 25 விழுக்காடு குறு, சிறு நிறுவனங்களிடமிருந்து வர வேண்டும். அதற்குள் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் நடத்தும் நிறுவனங்களுக்கு 4, பெண்கள் நடத்துவனவற்றுக்கு 3. இவையெல்லாம் உரிமையாளர் யார் என்பதைப் பார்ப்பவை; துடைப்பம் பிடிப்பவர் யார் என்பதைப் பார்ப்பவை அல்ல. மனைவி பெயரில் பதிவு செய்துவிட்டு, கூட்டத்துக்குக் கணவர் மட்டும் வரும் நிறுவனங்களை எங்கள் பக்கம் தேட வேண்டியதில்லை. நீங்கள் கேட்பது வேலையில் இருப்பவர்களைப் பற்றியது என்பதால் அந்தக் கொள்கையை மேற்கோள் காட்டிப் பயனில்லை.

மதிப்பெண் முறையை நானும் விரும்பவில்லை. அழகாக எழுதித் தர ஆள் வைத்திருக்கும் பெரிய நிறுவனங்களே அதில் முந்திவிடும். என் அனுபவத்தில் உண்மையான பிடி, ஒப்பந்ததாரர் பணம் கேட்டுத் தரும் மாதாந்திரப் பட்டியலில்தான் (பில்) இருக்கிறது. ஒருவருக்கு மாத ஊதியம் 12,000 என்று வைத்துக்கொண்டால், நிறுவனத்தின் பங்காக பி.எஃப். 13, ஈ.எஸ்.ஐ. 3.25 என மொத்தம் 16.25 விழுக்காடு, அதாவது 1,950 ரூபாய், யாரும் தவிர்க்க முடியாத செலவு. இதற்கும் கீழே விலை போடுகிறவர் எங்கே வெட்டுகிறார்? ஆளைக் குறைப்பார், அல்லது வங்கியில் போட்ட ஊதியத்தில் ஒரு பகுதியைக் கையில் திருப்பி வாங்குவார். அப்படிப்பட்டவர் மாற்றுத்திறனாளி ஒருவரைப் பெயருக்குச் சேர்த்து, அடுத்த மாதமே நீக்கவும் செய்வார்.

ஆகவே, பட்டியலோடு சேரும் பி.எஃப். சலானில் உள்ள பெயர்களையும் பிரிவு 22 பதிவேட்டில் உள்ள பெயர்களையும் ஒவ்வொரு மாதமும் ஒப்பிட்ட பிறகே தொகையை விடுவிக்க வேண்டும் என்ற நிபந்தனையைக் கேளுங்கள். பெயர் காணாமல் போனால் அன்றே தெரிந்துவிடும். கூடவே, முதலியார்பேட்டை அம்மா சொன்னதுபோல, வசதிகளுக்கான செலவை விலைப்பட்டியலில் தனி வரியாக, எல்லோருக்கும் ஒரே தொகையாக அலுவலகமே நிர்ணயிக்கட்டும். அதில் போட்டி இருக்கக் கூடாது, இருந்தால் பூஜ்யம் போட ஒருவர் வருவார்.

கேள்வி கேட்டவர்: மஞ்சக்குப்பம்

மூவருக்கும் நன்றி. கடிதத்தை இப்படி எழுதியிருக்கிறேன்: உறுதிமொழிக்குப் பதில் சமவாய்ப்புக் கொள்கை, பதிவேடு ஆகியவற்றின் நகல், மாதந்தோறும் சலானோடு பெயர் ஒப்பீடு, வசதிச் செலவுக்குப் போட்டியில்லாத தனி வரி, ஒப்பந்தம் மாறும்போது பதிவேட்டில் உள்ளவர்களை விடுவிப்பதானால் எழுத்தில் காரணம். மதிப்பெண்ணைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. பிரிவு 22 பதிவேட்டை நாங்களே முறையாக வைத்திருக்கவில்லை என்பது நேற்றுத்தான் உறைத்தது. கரும்பலகையும் வாளியும் எழுத்தில் எங்கும் இல்லை. இன்று உட்கார்ந்து எழுதிவிட்டோம்.

கூட்டத்துக்கு எங்கள் மேற்பார்வையாளரும் வருகிறார். கூட்டம் இரண்டாம் தளத்தில் என்று அறிவிப்பில் இருக்கிறது. லிஃப்ட் வேலை செய்கிறதா என்று கேட்டுத் தொலைபேசியில் பேசினேன். பார்த்துவிட்டுச் சொல்வதாகச் சொன்னார்கள்.