‘போகோ’ அலைவுக்குத் தமிழ்ச் சொல்: குதியலைவா, ஊட்டலைவா?

மதிப்பிற்குரிய கும்பகோணம் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். ஏவூர்திகளில் எழும் ‘போகோ’ அலைவுக்குத் தாங்கள் முன்மொழிந்த ‘குதியலைவு’ காதுக்கு இனிமையாக இருக்கிறது. சுருள்வில் பொருத்திய குதிகோலின் பெயர்தான் மூலச்சொல் என்பதால் பொருந்தியும் வருகிறது. ஆயினும் அச்சொல் வெளித்தோற்றத்தை மட்டுமே காட்டுகிறது. உந்துவிசை சற்றே ஏறி இறங்கினால் ஏவூர்தியின் உடற்கூடு நெடுக்குவாட்டில் நீண்டு சுருங்குகிறது. அந்த அசைவால் குழாயிலுள்ள திரவம் அலைக்கழிந்து, பம்பின் வாயில் அழுத்தம் மாறி, எரியறைக்குச் செல்லும் அளவும் மாறிவிட, உந்துவிசை மறுபடியும் ஏறி இறங்குகிறது. உடற்கூட்டின் இயல் அதிர்வெண்ணும் (தட்டிவிட்டால் நொடிக்கு எத்தனை முறை தானாக அதிரும் என்ற அளவு) குழாய்த் திரவத்தின் இயல் அதிர்வெண்ணும் நெருங்கிவிட்டால் இந்தச் சுற்று தானாகவே வலுத்துக்கொண்டு போகும். எரிபொருள் தீரத் தீர எடை குறைந்து உடற்கூட்டின் அதிர்வெண் உயர்வதால், புறப்படும்போது இல்லாத தொல்லை நடுவழியில் தலைகாட்டுவதும் உண்டு. 1968 ஏப்ரல் 4 அன்று ஆளின்றிச் சென்ற அப்பல்லோ 6இல் சாட்டர்ன் 5 ஏவூர்தியின் முதல் கட்டம் நொடிக்கு ஏறத்தாழ 5 முறை இப்படி அதிர்ந்தது. 1970இல் அப்பல்லோ 13இன் இரண்டாம் கட்ட நடு எஞ்சின், இதே காரணத்தால், ஏறத்தாழ 2 நிமிடம் முன்னதாகவே நின்றுபோனது.

ஆகவே, எரிபொருளை ஊட்டும் குழாயின் பங்கைப் பெயரிலேயே காட்டும் ‘ஊட்டலைவு’ என்பதை முன்வைக்கிறேன். பின்னூட்டம் என்ற சொல்லோடு பழகியவர்களுக்கு, தன்னைத் தானே ஊட்டி வளரும் அலைவு என்றும் அது ஒலிக்கும்.

இந்த அலைவுக்கான தீர்வாகப் பம்புக்கு முன்னால் குழாயை ஒட்டி வைக்கும் வளிம (வாயு) அறையைத் ‘தணிப்பறை’ என்று குறித்திருந்தீர்கள். அதன் முதன்மைப் பணி தணிப்பதன்று. உள்ளேயுள்ள வளிமம் அமுங்கி இடங்கொடுப்பதால் குழாயின் அதிர்வெண் வெகுவாகக் கீழிறங்கி, உடற்கூட்டின் அதிர்வெண்ணை விட்டு விலகிவிடுகிறது. சாட்டர்ன் 5இல் திரவ ஆக்சிஜன் குழாய் வால்வுகளின் உட்குழிவில் ஹீலியத்தை நிரப்பியது இதற்காகத்தான். நம் பக்கம் சம்பா வயலில் மருந்தடிக்கும் கைத்தெளிப்பானைக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு இது புதிதன்று: நெம்புகோலை விட்டு விட்டு அடித்தாலும் முனையில் மருந்து சீராக வருவது, உள்ளறையில் அடைபட்ட காற்று அமுங்கி விரிவதால்தான். ‘நெகிழறை’ என்றால் சரியாக வரும் என்பது என் கருத்து.

அன்புடன்,
மன்னார்குடியிலிருந்து

*

அன்புள்ள அம்மா,

‘நெகிழறை’யை மறுபேச்சின்றி ஏற்கிறேன். ‘ஊட்டலைவு’ என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம், ஒரு வரையறையோடு. திண்ம எரிபொருள் மோட்டார்களிலும் நெடுக்கு அதிர்வு உண்டு. நாசாவின் ஏரிஸ் 1 ஏவூர்தியின் வடிவமைப்பாளர்களை அது பெரிதும் அலைக்கழித்தது. அங்கே ஊட்டும் குழாயே கிடையாது. எரியறையின் வளிம ஓட்டத்தில் எழும் சுழல்கள்தாம் அழுத்த அலைவைத் தூண்டுகின்றன. அதை ‘உந்துவிசை அலைவு’ என்று சொற்பட்டியலில் தனிப் பதிவாக வைத்து, திரவ எரிபொருள் ஏவூர்திகளுக்கு மட்டுமே ‘ஊட்டலைவு’ என்று விளக்கத்தில் எழுதிவிடுங்கள்.

கும்பகோணத்திலிருந்து