சீசன் தொடக்கத்தில் வேவரில் யாரை எடுப்பது? என்பிஏ ஃபேன்டஸி அனுபவப் பகிர்வு (பலர் எழுதியது, * வரும் இடத்தில் அடுத்த பதிவு)

ஃபேன்டஸி என்பது என்பிஏ (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) வீரர்களை வைத்து நாமே ஓர் அணி கட்டி, அவர்கள் ஆட்டத்தில் எடுக்கும் எண்களால் மற்றவர்களோடு மோதுவது. யாரும் எடுக்காமல் மிஞ்சிய வீரர்கள் இருக்கும் இடம் வேவர். அக்டோபர் கடைசியில் லீக் தொடங்கி மூன்றாவது நாளே எல்லோரும் ஒரே வேலையைச் செய்கிறோம். முந்தைய இரவு 28 புள்ளி எடுத்தவர் யார் என்று பார்த்து, அவர் வேவரில் இருந்தால் அள்ளிப் போடுகிறோம். புள்ளி கடைசியாகப் பார்க்க வேண்டிய எண். முதலில் நிமிடம், அதாவது எவ்வளவு நேரம் களத்தில் ஆடினார். அந்த நிமிடம் முன்பு யாருடையதாக இருந்தது, அந்த ஆள் திரும்பி வருவாரா? இந்த ஒரு கேள்விக்கு விடை கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

நல்ல உதாரணம் டென்வரின் கிறிஸ்டியன் பிரௌன். 2024 கோடையில் கென்டேவியஸ் கால்ட்வெல்-போப் ஆர்லாண்டோவுக்குப் போனார். அவர் விட்டுப் போன ஸ்டார்ட்டர் (ஆட்டத்தைத் தொடங்கும் ஐவரில் ஒருவர்) இடம் பிரௌனுக்கு. அதற்கு முந்தைய சீசனில் ஆட்டத்துக்குச் சராசரி 20.2 நிமிடம், 7.3 புள்ளி. 2024-25இல் 33.9 நிமிடம், 15.4 புள்ளி, 5.2 ரீபவுண்ட் (தவறிய ஷாட்டைப் பிடிப்பது), 1.1 ஸ்டீல் (எதிரணியிடம் பந்தைப் பறிப்பது), ஷூட்டிங் 58 சதவீதம். அவருக்கென்று தனியாக யாரும் ஆட்டம் வகுத்துக் கொடுக்கவில்லை. அணியின் நட்சத்திரம் யோகிச்சோடு களத்தில் இருந்து, கூடையை நோக்கி வெட்டி ஓடி, ஃபாஸ்ட் பிரேக்கில் (எதிரணி தடுக்கத் திரும்பும் முன் ஓடி அடிப்பது) முடித்ததற்கே இவ்வளவு. கால்ட்வெல்-போப் காயத்தில் உட்கார்ந்திருக்கவில்லை, ஊரையே மாற்றிவிட்டார். அதனால் அந்த நிமிடம் ஏப்ரல் வரை உறுதி.

கிளிப்பர்ஸ் நார்மன் பவல் கதை கொஞ்சம் சிக்கல். அதே கோடையில் பால் ஜார்ஜ் ஃபிலடெல்ஃபியாவுக்குப் போனார், அது நிரந்தரக் காலியிடம். கவாய் லெனர்டும் ஜனவரி வரை ஆடவில்லை, அது தற்காலிகக் காலியிடம். பவல் 13.9இலிருந்து 21.8 புள்ளிக்கு ஏறியதில் இரண்டுக்கும் பங்கு உண்டு. இந்த மாதிரி ஆளை எடுக்கும்போதே கணக்கு தெளிவாக இருக்க வேண்டும்: தற்காலிகப் பகுதி போனாலும் மீதி ரோஸ்டரில் (நம் அணிப் பட்டியல்) வைக்கத் தகுந்ததா? பவலுக்கு விடை ஆமாம்.

எதிர் உதாரணம் 2019-20 வாரியர்ஸ். அக்டோபர் 30 அன்று ஸ்டெஃப் கரிக்குக் கை உடைந்தது. சில நாளில், டிராஃப்டின் (புது வீரர் தேர்வு) இரண்டாம் சுற்றில் வந்த ரூக்கி (முதல் வருட வீரர்) எரிக் பாஸ்கல் போர்ட்லாந்துக்கு எதிராக 34 புள்ளி, 13 ரீபவுண்ட் எடுத்தார். வேவரில் அடிதடி. சீசன் முடிவில் 14 புள்ளி, 4.6 ரீபவுண்ட், ஸ்டீலும் பிளாக்கும் (எதிரணி ஷாட்டைத் தட்டிவிடுவது) கிட்டத்தட்ட இல்லை. எல்லா எண்ணையும் ஒரே மதிப்பெண்ணாகக் கூட்டும் பாயிண்ட்ஸ் லீகில் பரவாயில்லை. ஒன்பது வகை எண்களில், சதவீதங்கள் உட்பட, தனித்தனியாக மோதும் 9 கேட்டகரி லீகில் அவர் இடத்தை அடைத்துக்கொண்டிருந்த ஆள், அவ்வளவுதான்.

பாக்ஸ் ஸ்கோரை (ஆட்டத்தின் எண்கள் பட்டியல்) பார்க்கும் முறை: ஓவர்டைம் (கூடுதல் நேரம்) போன ஆட்டமா என்று முதலில் பாருங்கள். 25 புள்ளி வித்தியாசத்தில் முடிந்ததா என்று அடுத்து. அப்படி முடிந்தால் நாலாவது குவார்ட்டர் நிமிடத்தைக் கழித்துவிட்டு முதல் பாதியில் எத்தனை நிமிடம் என்று மட்டும் எடுங்கள். நெருக்கமான ஆட்டமாக இருந்தால் கடைசி ஐந்து நிமிடம் களத்தில் யார் என்று பாருங்கள். ஸ்டார்ட்டர் என்ற பெயரைவிட ஆட்டத்தை முடிக்கிற ஐவரில் இருப்பது பெரிய விஷயம். தொடர்ந்து மூன்று ஆட்டத்தில் 28 நிமிடம் தாண்டினால் எடுத்துவிடலாம். ஐந்து ஆட்டம் வரை காத்திருந்தால் லீகில் வேறொருவர் தூக்கியிருப்பார்.

*

நிமிடத்தோடு இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள்: பெஞ்சில் இருந்தபோதே அவர் நிமிடத்துக்கு என்ன கொடுத்தார்?

டைசன் டேனியல்ஸ் 2023-24இல் நியூ ஆர்லியன்ஸில் 22.3 நிமிடத்தில் 1.4 ஸ்டீல். 36 நிமிடத்துக்குக் கணக்குப் போட்டால் 2.3 வருகிறது. புள்ளி 5.8 மட்டும் என்பதால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அட்லாண்டா டிஜான்டே மர்ரேயைக் கொடுத்த டிரேடில் (அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்வது) அந்த அணிக்கு வந்தார், 33.8 நிமிடம் கிடைத்தது, ஸ்டீல் 3.0. சீசன் மொத்தம் 229. 1990-91இல் ஆல்வின் ராபர்ட்சனுக்குப் பிறகு சராசரி மூன்றைத் தொட்டவர் இவர்தான். அந்த வருடம் அதிகம் முன்னேறிய வீரர் விருதும் அவருக்கே.

ஸ்டீல், பிளாக், ரீபவுண்ட் மூன்றும் கை, கால், பார்வை சார்ந்தவை. நிமிடம் கூடினால் ஓரளவு அதே விகிதத்தில் கூடும். மூன்று புள்ளி ஷூட்டிங் அப்படியில்லை. ஆறு ஆட்டத்தில் 52 சதவீதம் போட்டவர் அடுத்த ஆறில் 29 போடுவார். ஆகவே இரண்டு வாரம் கழித்து இருவர் வேவரில் இருந்து, ஒருவர் மூன்று புள்ளி ஷாட் சூடு பிடித்து 19 புள்ளி, மற்றவர் 11 புள்ளியோடு 2 ஸ்டீல் என்றால், கண்ணை மூடிக்கொண்டு இரண்டாமவர்.

பாயிண்ட்ஸ் லீகில் இது செல்லாது என்பார்கள். ஃபேன்டஸி நடத்தும் யாஹூ தளத்தின் வழக்கமான மதிப்பெண்ணில் முக்கியமானவை இவை: புள்ளி 1, ரீபவுண்ட் 1.2, அசிஸ்ட் (கூடை போடவைக்கும் பாஸ்) 1.5, ஸ்டீல் 3, பிளாக் 3. டேனியல்ஸின் 14.1 புள்ளி, 5.9 ரீபவுண்ட், 4.4 அசிஸ்ட், 3 ஸ்டீல் சேர்ந்து 36.8. 2023-24இல் புரூக்ளினின் கேம் தாமஸ் 22.5 புள்ளி, 3.2 ரீபவுண்ட், 2.9 அசிஸ்ட், 0.7 ஸ்டீல். அது 32.8. எட்டுப் புள்ளிக்கு மேல் குறைவாக எடுத்தவர்தான் மேலே நிற்கிறார்.

அந்த கேம் தாமஸ் சீசனின் முதல் மூன்று ஆட்டத்தில் 36, 30, 33 எடுத்தவர். மூன்றாவது ஆட்டம் முடிந்த அன்றே அவரைக் கொடுத்து, எல்லாக் கேட்டகரியிலும் கொஞ்சம் கொஞ்சம் தருகிற நடுத்தர ஆளை வாங்கியிருக்கலாம். வேவரில் எடுத்த ஆளைச் சூடு ஆறும் முன் விற்பதும் எடுப்பதைப் போலவே ஒரு கலைதான்.

*

அந்த சீசனில் டேனியல்ஸ் ஃப்ரீ த்ரோ (தவறு செய்யப்பட்டவர் தடையின்றிப் போடும் ஷாட்) 59 சதவீதம், மேலே அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே ப்ரோ. சொல்ல வேண்டியதில்லை என்பதும் உண்மைதான். ஏன் என்று கணக்கு:

உங்கள் அணி வாரத்துக்கு 100 ஃப்ரீ த்ரோ, 80 உள்ளே. டேனியல்ஸ் ஓர் ஆட்டத்துக்கு இரண்டு சொச்சம்தான் போடுவார். நாலு ஆட்டத்தில் 9 போட்டு 5 உள்ளே என்றால் 85/109, அதாவது 78 சதவீதம். வலிக்காது. அதே இடத்தில் நட்சத்திர வீரர் யானிஸ் நாலு ஆட்டத்தில் 42 போட்டு 26 உள்ளே விட்டால் 106/142, 74.6க்கு இறங்கிவிடும். சதவீதத்தைப் பார்க்காதீர்கள், எத்தனை தடவை போடுகிறார் என்று பாருங்கள்.

இதே கணக்கு ஷூட்டிங்கிலும். 2019-20இல் சார்லட்டின் டெவான்டே கிரஹாம் அந்த வருடத்தின் பெரிய வேவர் பரிசு. கெம்பா வாக்கர் பாஸ்டனுக்குப் போன இடம். 4.7 புள்ளியிலிருந்து 18.2, அசிஸ்ட் 7.5, மூன்று புள்ளி 3.5. ஆனால் ஷூட்டிங் 38.2 சதவீதம், அதுவும் ஆட்டத்துக்கு ஏறக்குறைய 15 தடவை. வாரம் 300 ஷாட்டில் 47 சதவீதம் போடுகிற அணியில் அவரைச் சேர்த்தால் 45.6. பல வாரங்களில் அந்தக் கேட்டகரி தோற்கும். மூன்று புள்ளியும் அசிஸ்ட்டும் ஜெயிக்கும். ஏற்கெனவே ஷூட்டிங் சதவீதத்தைக் கைவிட்ட அணிக்கு அவர் தங்கம், பெரிய சென்டர்களை (கூடைக்கு அருகே ஆடும் உயரமானவர்கள்) வைத்துக் கட்டிய அணிக்குத் தலைவலி.

*

டொராண்டோவில இருந்து ஒரு விசயம் சேர்க்கிறன். நட்சத்திர வீரர் ஓய்வெடுக்கிற அணியில் இரண்டாவது, மூன்றாவது ஆளைப் பாருங்கோ.

2018-19 டொராண்டோ ராப்டர்ஸில் நிக் நர்ஸ் புதுப் பயிற்சியாளர், கவாய் வந்து சேர்ந்த வருசம். கவாய் 60 ஆட்டம்தான் ஆடினவர், மிச்சத்தில் பெரும்பாலும் ஓய்வு. அதே அணியின்ர சியாகம் அதுக்கு முந்தின வருசம் 20.7 நிமிடம், 7.3 புள்ளி. அந்த வருசம் 31.8 நிமிடம், 16.9 புள்ளி, ஷூட்டிங் 55 சதவீதத்துக்குக் கிட்ட. கவாய் ஆடாத இரவுகளில் பந்து அவரின்ர கைக்கு வரும். அடுத்த வருசம் கவாய் லொஸ் ஏஞ்சலஸுக்குப் போன உடனே 22.9. பயிற்சியாளர் மாறின அணி எண்டால் அக்டோபர் பயிற்சி ஆட்டங்களில் யார் முதல் ஐவரோட இறங்கிறார் எண்டு மட்டும் பார்த்து வையுங்கோ. அந்த ஆட்டங்களின்ர புள்ளிகளை நம்பாதேங்கோ.

*

பொறுமையைப் பற்றியும் யாராவது எழுத வேண்டும். கோபி வைட், 2023-24 சிகாகோ. முதல் நாளிலிருந்தே ஸ்டார்ட்டர், நிமிடம் நிறைய. ஆரம்ப வாரங்களில் பந்து உள்ளே போகவில்லை, பல லீகுகளில் தூக்கி எறிந்தார்கள். நவம்பர் இறுதியில் ஸாக் லாவீன் பாதக் காயத்தில் உட்கார்ந்ததும் வைட் பறந்தார். சீசன் சராசரி 36.5 நிமிடம், 19.1 புள்ளி. முந்தைய வருடம் 9.7. நிமிடம் இருந்து ஷாட் போகாத ஆளை விடக் கூடாது. ஷாட் போய் நிமிடம் குறைகிற ஆளை உடனே விடலாம்.

நிமிடம் குறைகிறது என்பதற்கு உதாரணம் 2022-23இல் ஆர்லாண்டோவின் போல் போல் (Bol Bol) என்ற வீரர். தொடக்கத்தில் அணியில் பல கார்டுகள் (பந்தைக் கொண்டுபோகும் வீரர்கள்) காயம், அதனால் உயரமான ஐவரை இறக்கினார்கள். போல் போல் ரீபவுண்டும் பிளாக்கும் குவித்தார். கார்டுகள் ஒவ்வொருவராகத் திரும்பி வர வர அவர் நிமிடம் கரைந்தது. முடிவில் 9.1 புள்ளி, 5.8 ரீபவுண்ட், 1.2 பிளாக். சரிகிறபோது முதலில் போவது நாலாவது குவார்ட்டர் நிமிடம். மொத்தம் 30இலிருந்து 27 ஆனதை யாரும் கவனிக்க மாட்டார்கள். கடைசி குவார்ட்டரில் 9 நிமிடம் ஆடினவர் 4 ஆடுகிறார் என்றால் அந்த வாரமே டிரேடுக்குப் பேசுங்கள்.

*

ஸ்ட்ரீமிங் (ஓரிரு ஆட்டத்துக்கு மட்டும் ஆளை எடுத்து விட்டுவிடுவது) செய்கிறவர்களுக்கு, சுருக்கமாக.

வாரத்தில் நாலு ஆட்டம் இருக்கிறது என்பதால் மட்டும் ஆளை எடுக்காதீர்கள். எந்தெந்தக் கிழமை என்று பாருங்கள். புதன், வெள்ளியில் பெரும்பாலும் பத்து ஆட்டத்துக்கு மேல் நடக்கும், உங்கள் பத்து இடமும் நிறைந்திருக்கும், புது ஆள் பெஞ்சில் உட்காருவார். செவ்வாய், வியாழன், ஞாயிறு ஆடுகிற மூன்று ஆட்டக்காரர் அதைவிட உபயோகம். நவம்பரில் தேங்க்ஸ்கிவிங் வியாழனன்று ஆட்டமே இல்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் என்பிஏ கோப்பை (சீசன் நடுவில் நடக்கும் தனிப் போட்டி) காலிறுதி வாரத்தில் அணிக்கு அணி ஆட்ட எண்ணிக்கை மாறும். கோப்பை இறுதிப் போட்டியின் எண்கள் சீசன் கணக்கில் சேராது.

வாரம் நாலு சேர்க்கை என்று வரம்பு இருந்தால் இரண்டைத் திங்கள், செவ்வாய்க்கு, ஒன்றை வியாழனுக்கு, ஒன்றை ஞாயிறுக்கு. அந்தக் கடைசியைச் சனிக்கிழமைக்குள் செலவழித்துவிட்டு ஞாயிறு ஒரு ஸ்டீலில் தோற்பவர்கள் எல்லா லீகிலும் உண்டு. வேவர் ஆளை ஏலத்தில் எடுக்கும் முறை என்றால் சீசனுக்குக் கிடைக்கும் 100 பணத்தில், இடம் நிரந்தரமாகக் காலியான ஸ்டார்ட்டருக்கு 20 முதல் 30 வரை போகலாம், அதுவும் முதல் மாதத்தில்தான். நவம்பரில் எடுத்தவர் ஐந்து மாதம் உழைப்பார், பிப்ரவரியில் எடுத்தவர் சில வாரம். ஸ்ட்ரீமருக்கு 1, மிஞ்சினால் 2.

யாரையாவது டிராப் செய்வதற்கு முன் ஐஎல் (காயக்காரர்களுக்கான தனி) இடம் காலியா என்று பாருங்கள். காயக்காரரை அங்கே தள்ளினால் ஒரு இடம் சும்மா கிடைக்கும். ஆனால் அவர் தேறிவிட்டதாகத் தளம் காட்டியதும் ரோஸ்டர் பூட்டிக்கொள்ளும், புது ஆளைச் சேர்க்க விடாது. வேவர் ஏலத்துக்கு முந்தைய நாள் இதைச் சரிபார்த்துவிடுங்கள்.

*

நேரம் பற்றி நம்ம ஊரில் இருந்து ஆடுகிறவர்கள் கேட்கிறார்கள். நியூயார்க் மாலை 7 மணி ஆட்டம் அக்டோபரில் நமக்கு அதிகாலை 4.30. நவம்பர் முதல் ஞாயிறு அமெரிக்கக் கடிகாரம் பின்னால் போனதும் 5.30. மேற்குக் கரை ஆட்டங்கள் காலை 7.30, பிறகு 8.30. முதல் ஐவர் பட்டியல் ஆட்டம் தொடங்க அரை மணி நேரம் முன்பு வரும். தினமும் அணியை மாற்றலாம் என்கிற லீகில் ஒவ்வொரு வீரரும் அவரவர் ஆட்டம் தொடங்கும்போதுதான் பூட்டப்படுவார். ஆகவே நாலு மணிக்கு எழ வேண்டாம். படுக்கும் முன் காய அறிக்கையைப் பார்த்து, ஆடுவாரா என்று சந்தேகத்தில் இருப்பவரை யூட்டிலிட்டி (எந்த வகை வீரரையும் வைக்கக்கூடிய) இடத்தில் வையுங்கள். ஏழு மணிக்கு எழுந்ததும், ஆட்டம் தொடங்காத மேற்குக் கரை ஆளை அந்த இடத்துக்கு மாற்றலாம், சந்தேகக்காரரின் ஆட்டமும் இன்னும் தொடங்காமல் இருந்தால். இதற்காகவே கடைசி இரண்டு ரோஸ்டர் இடத்தில் லேக்கர்ஸ், கிங்ஸ், பிளேஸர்ஸ், வாரியர்ஸ் ஆட்களைத் தேடுவது நமக்குத் தோது. ஒரே தரத்தில் ஒருவர் சார்லட், மற்றவர் சாக்ரமெண்டோ என்றால் நான் சாக்ரமெண்டோ ஆளைத்தான் எடுப்பேன்.