புதுப்பிப்பு: தம்பியின் சொக்சோ கிளைம்

பினாங்கில் தனியார் ஆம்புலன்ஸில் வேலை செய்யும் என் தம்பி, பாலத்தில் ஒரு விபத்தைப் பார்த்ததிலிருந்து தூங்குவதில்லை, சைரன் கேட்டாலே கை நடுங்கி டீயைக் கீழே வைத்துவிடுகிறான், இதற்கு சொக்சோவில் (மலேசியாவின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பு) இழப்பீடு கிடைக்குமா என்று கேட்டிருந்தேனே, அதன் தொடர்ச்சி இது.

மனநல டாக்டர் பிடிஎஸ்டி (பயங்கரச் சம்பவத்துக்குப் பிறகு வரும் மன அழுத்த நோய்) என்று எழுதி எம்சியும் (மருத்துவ விடுப்புச் சான்றிதழ்) கொடுத்துவிட்டார். குறைந்தது 4 நாள் எம்சி இருந்து, கிளைமும் ஏற்கப்பட்டால் சராசரி தினச் சம்பளத்தில் 80 சதவீதம் கிடைக்கும். கால் உடைந்தால் எக்ஸ்ரே காட்டலாம், இதற்கு எதைக் காட்டுவது? அன்றைய டிரிப் ரெக்கார்டு, கூட வேலை செய்தவரின் வாக்குமூலம், டாக்டர் ரிப்போர்ட் எல்லாம் சேர்த்துக் கொடுத்திருக்கிறோம். முதலாளிதான் கையெழுத்துப் போட இழுத்தடித்தார். ஐஎல்ஓ (சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு) 2010-லேயே பிடிஎஸ்டியைத் தொழில்சார் நோய்ப் பட்டியலில் சேர்த்தாச்சு, அவருக்கு யார் சொல்வது! முடிவு இன்னும் வரவில்லை.

அப்புறம், பொம்பாவில் (தீயணைப்புத் துறை) இருக்கும் அண்ணன் ஒருவர் கேட்டதற்கு: நிரந்தர அரசாங்க ஊழியர்கள் சொக்சோவில் வரமாட்டார்கள், உங்கள் துறையில்தான் விசாரிக்கணும்.