மறு: டீசல் எஞ்சினின் ‘க்ளோ பிளக்’: ‘கனல்முளை’ எனலாமா?

குழுவினருக்கு வணக்கம்.

குளிரில் டீசல் எஞ்சின் ஸ்டார்ட் ஆக உள்ளே சூடு தரும் கம்பிதான் க்ளோ பிளக். அதற்குத் தமிழ்ச்சொல்லாக இதுவரை மூன்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன: ஒளிர்செருகி, சூடேற்றி, கனல்முனை. மூன்றையும் நான் இப்போது தமிழில் எழுதிவரும் பழுதுபார்ப்புக் குறிப்புகளில் போட்டுப் பார்த்தேன். 1994 முதல் 2003 வரை ஃபோர்டு டிரக்குகளில் வந்த 7.3 லிட்டர் பவர்ஸ்ட்ரோக் டீசல் எஞ்சின், பனிக்காலக் காலையில் ஸ்டார்ட் ஆகாவிட்டால் என்ன பார்ப்பது என்பதுதான் அந்தக் குறிப்புகள்.

> நம் மெக்கானிக்குகள் ‘ஹீட்டர் பிளக்’ என்றுதான் சொல்கிறார்கள். ‘சூடேற்றி’ போதாதா?

பட்டறைச் சொல்லை ஒட்டிப் போக வேண்டும் என்பதில் எனக்கும் உடன்பாடுதான். ஆனால் குளிர்நாட்டு டிரக்கில் சூடேற்றுகிற பொருள் ஒன்றோடு நிற்பதில்லை. எஞ்சின் பிளாக்கில் ஓடும் கூலன்ட் நீரைச் சூடாக்க ஒன்று உண்டு. இரவில் வீட்டு மின்சாரத்தில் சொருகி வைப்பார்கள். டீசல் ஃபில்டர் பக்கம் மெழுகு கட்டாமல் இருக்க இன்னொன்று. 5.9 லிட்டர் கம்மின்ஸ் எஞ்சினிலோ க்ளோ பிளக்கே கிடையாது. உள்ளே போகும் காற்றைச் சூடாக்கும் கம்பிச்சட்டம்தான் உண்டு. ‘சூடேற்றியைச் சோதிக்கவும்’ என்று எழுதினால் படிக்கிறவர் எதைத் தொடுவார்?

‘ஒளிர்செருகி’ சொல்லுக்குச் சொல் பெயர்த்தது. அது ஒளிர்வதால் யாருக்கும் பயனில்லை, காய்வதால்தான் பயன். டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்றை நெருக்கி நெருக்கி, அந்தச் சூட்டிலேயே எரிபொருள் பற்ற வேண்டும். குளிர்ந்த இரும்பு அந்தச் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும்போது, பென்சில் பருமன் கம்பி ஒன்றின் நுனி சில விநாடிகளில் செக்கச்சிவந்து 800 டிகிரி செல்சியஸுக்கு மேல் போய் ஈடுகட்டுகிறது. போதாததற்கு ‘செருகி’ ஏற்கெனவே மென்பொருளின் ‘பிளக்-இன்’னுக்குப் போய்விட்டது. இது செருகுவதும் இல்லை, மரையில் திருகி இறுக்குவது.

‘கனல்முனை’ அழகான சொல். நானும் அதையே எடுத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தேன். சோதனைப் பகுதியில்தான் சிக்கியது. மின்முனை, பேட்டரி முனை என்று ஏற்கெனவே முனைகள் நிறைய. ‘கனல்முனையின் மின்முனையில் ஓம்மீட்டர் முனையை வைக்கவும்’ என்று வாக்கியம் வந்து நிற்கிறது. அதனால் ஓர் எழுத்தை மட்டும் மாற்றி ‘கனல்முளை’ என்கிறேன். மாடு கட்ட அடிக்கிற முளை எல்லோருக்கும் தெரியும்: நீளமாய், ஒல்லியாய், பாதி உள்ளே இறங்கி நிற்பது. இதன் வடிவமும் அதுதான். விதை முளைப்பதோடு குழம்பாதா என்று ஓர் அன்பர் கேட்டிருந்தார். எஞ்சின் பற்றிய பக்கத்தில் குழம்பாது என்றே நினைக்கிறேன். ஸ்பார்க் பிளக்கையும் ‘பொறிமுளை’ என்று இதற்கு இணையாக வைத்துக்கொள்ளலாம்.

சொல் வாக்கியத்தில் எப்படி உட்காருகிறது என்று பாருங்கள்:

“ஸ்டார்ட்டர் சுற்றும்போது புகைக்குழாயில் வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, எரியவில்லை என்று பொருள். முதலில் கனல்முளைக்குக் கரண்டை இணைத்துத் துண்டிக்கும் ரிலேயைப் பாருங்கள். சாவியைத் திருப்பியதும் ரிலேயின் இரண்டு பெரிய போல்ட்டுகளிலும் ஏறக்குறைய ஒரே வோல்ட் வர வேண்டும். ஒன்றில் மட்டும் வந்தால் ரிலே போய்விட்டது, அல்லது அதை இயக்கும் சிறு ஒயரில் கரண்ட் வரவில்லை. ரிலே சரி என்றால் கனல்முளைகளைப் பாருங்கள். எட்டும் வால்வு மூடிக்கு அடியில் இருக்கின்றன. மூடியைக் கழற்றாமல் அதன் ஓரத்துக் கனெக்டர் வழியாகவே ஒவ்வொன்றாக ஓம் (மின்தடை) அளக்கலாம். 2 ஓமுக்குள் இருந்தால் நல்லது. மீட்டர் அசையவே இல்லை என்றால் உள்ளே சுருள் எரிந்துவிட்டது, அல்லது மூடிக்கு அடியில் ஒயர் விட்டுப்போயிருக்கிறது.”

டாஷ்போர்டில் ‘காத்திருங்கள்’ விளக்கு அணைந்த பிறகும் இந்த எஞ்சினில் ரிலே கனல்முளைக்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டேதான் இருக்கும், கடுங்குளிரில் இரண்டு நிமிடம் வரைகூட. இதை அறியாதவர்கள் விளக்கை வைத்தே கனல்முளை வேலை செய்கிறது, செய்யவில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

நான் ‘கனல்’ என்பதை விடாமல் பிடித்துக்கொள்வதற்கு இன்னொரு காரணம் ஈதர். ஸ்டார்ட் ஆகாத வண்டியில் காற்று வடிகட்டிப் பக்கம் சட்டென்று தீப்பற்றும் ஈதர் ஸ்பிரே அடிக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. உள்ளே தகதகவென்று காய்ந்திருக்கும் முளைமேல் அது பட்டால் நேரங்கெட்டு வெடித்து பிஸ்டனையே உடைக்கலாம். ‘கனல்முளை உள்ள எஞ்சினில் ஈதர் அடிக்காதீர்கள்’ என்றால் ஏன் என்று தனியாக விளக்கவே வேண்டியதில்லை. ‘சூடேற்றி உள்ள எஞ்சினில்’ என்று எழுதினால் அந்த அச்சம் வராது.

ரிலே, ஸ்டார்ட்டர் இரண்டையும் தமிழாக்காமல் அப்படியே விட்டுவிடலாம் என்பது என் கருத்து.

கம்மின்ஸின் கம்பிச்சட்டத்துக்குத்தான் இன்னும் சரியான சொல் கிடைக்கவில்லை. ‘காற்றுச் சூடேற்றி’ என்று தற்காலிகமாக வைத்திருக்கிறேன். ஆனால் கேபினுக்குள் ஆளுக்குச் சூடு தருகிற ஹீட்டரையும் அப்படிச் சொல்ல இடமிருக்கிறது. பட்டறையில் இருக்கும் நண்பர்கள் யாராவது யோசித்துச் சொல்லுங்கள்.

அன்புடன்.