பக்கத்துத் தோட்டத்தில் திருட்டு மின்வேலி: என்ன செய்வது?

சாப்டூர் விவசாயி:
சதுரகிரி மலையடிவாரத்தில், சாப்டூர்ப் பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர். மக்காச்சோளம் கதிர் பிடித்திருக்கிறது. பக்கத்துத் தோட்டம் பெரியப்பா மகனுடையது. அவருடைய நிலக்கடலையில் கால்வாசியைக் காட்டுப்பன்றிகள் ஒரே இரவில் ஏர் ஓட்டியதுபோல் கிளறிவிட்டன. அந்த ஆத்திரத்தில் மோட்டார் கொட்டகையிலிருந்து நேரடியாக வயர் இழுத்து, வரப்பைச் சுற்றிக் கம்பி கட்டிவிட்டார். இருட்டியதும் மின்சாரம் விடுகிறார், விடிவதற்குள் நிறுத்திவிடுகிறார்.

மாங்காய்க் காலத்தில் யானைகள் இந்த ஓடை வழியாகத்தான் இறங்கும். போன வருடம் எங்கள் கிணற்று மேட்டில் கிடந்த சாணத்தில் எத்தனை மாங்கொட்டை என்று என் மகள் குச்சியால் கிளறி எண்ணினாள். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே இப்படியொரு கம்பியில் மூன்று பெண் யானைகள் செத்தன. கூட வந்த இரண்டு குட்டிகள் மட்டும் தப்பின. அது நினைவுக்கு வந்தால் தூக்கம் போய்விடுகிறது. புகார் கொடுத்தால் அண்ணன் சிறைக்குப் போவார். கொடுக்காவிட்டால்?

மோட்டார் மெக்கானிக், பேரையூர்:
இன்றைக்கே பேசுங்கள். மோட்டார் லைனில் மின்சாரம் விடாமல் பாயும். தொட்டதும் தசை இறுகி, விலகவே முடியாது. சூரிய மின்வேலி அப்படியல்ல. நொடிக்கு ஒரு முறை போல, கண்ணிமைப்பதற்குள் ஒரு அதிர்ச்சி கொடுத்து நின்றுவிடும். சுள்ளென்று பட்டதும் விலங்கு பின்வாங்கும். அதையும் வனத்துறையிடம் பதிவு செய்யவேண்டும், 2023-இல் விதிகள் வந்துவிட்டன. மும்முனை மின்சாரம் வரும் இரவுகளில் தண்ணீர் பாய்ச்சப் போகிற ஆட்களையும் நினைத்துப் பாருங்கள். அப்படி விழுந்த ஒருவரை நானே தூக்கியிருக்கிறேன்.

வத்திராயிருப்புத் தோப்பு:
தம்பி, உங்கள் அண்ணன் மீது எனக்குக் கோபம் வரவில்லை. எங்கள் தோப்பில் 22 தென்னங்கன்றுகளைக் குருத்தோடு பிடுங்கிப் போட்ட அன்று நானும் யானையைச் சபித்தவள்தான். சிட்டா, அடங்கல், படம் எல்லாம் கொடுத்தும் இழப்பீடு கைக்கு வர 9 மாதம் ஆனது. கன்று வாங்கிய காசுக்குக்கூட அது போதவில்லை. இந்த இழுத்தடிப்புதான் ஆட்களைக் கம்பி கட்ட வைக்கிறது. ஆனால் கம்பிக்குப் பன்றி எது, பிள்ளை எது என்று தெரியாது. பெரியப்பாவை அழைத்துக்கொண்டு போங்கள். அப்போதும் கேட்கவில்லையென்றால் வனவரிடம் சொல்லிவிடுங்கள். ஓர் உயிர் போன பிறகு சொல்வதைவிட அது அண்ணனுக்கே நல்லது.

சாப்டூர் விவசாயி:
நேற்று மாலை பெரியப்பாவோடு போனேன். அண்ணன் முதலில் கத்தினார். மகள் உட்கார்ந்து மாங்கொட்டை எண்ணிய இடத்தைக் காட்டினேன். கம்பி அங்கிருந்து பத்தடிகூட இல்லை. ஒன்றும் பேசாமல் வயரைச் சுருட்டினார். கடலை பிடுங்கும்வரை இரண்டு வீட்டு ஆட்களும் பரணில் முறை வைத்துக் காவல் இருக்கிறோம். இன்று என் முறை. பேரையூர் அண்ணே, இரண்டு தோட்டத்தையும் சேர்த்துச் சூரிய மின்வேலி போட எவ்வளவு ஆகும்?